தொற்றுக்காலத்தில் மலைநம்பிக்கு நடக்கலாமா?

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஊரில் மறுபடியும் காய்ச்சல், இருமல் என்று பேச்சு. நாங்கள் ஐந்து பேர் புரட்டாசியில் திருக்குறுங்குடி போய் மலைமேல் இருக்கும் மலைநம்பிப் பெருமாள் கோயிலுக்கு நடக்கலாம் என்று இருக்கிறோம். எங்களில் ஒருவனுக்குப் போன மாதம்தான் காய்ச்சல் வந்து போனது. கொரோனா சமயத்தில் நீங்களெல்லாம் மலைக்குப் போனீர்களா? எப்படிப் போனீர்கள்? வீட்டில் அம்மா பயப்படுகிறார்கள்."

அம்மா பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது தம்பி. ஆனால் அவர்கள் மலையை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் பயப்படுவது நீங்கள் மலைக்குப் போகிற வேனை நினைத்து. சுகாதார ஆய்வாளராக நெல்லை மாவட்டத்தில் பல வருடம் ஓடியவன் நான், லீவு கிடைத்தால் மலையடிவாரத்தில் கிடந்தவன். இரண்டு அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வந்திருக்கும் நோய் எப்படிப் பரவுகிறது என்பது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே புத்தி சொல்ல முடியாது. 2012ல் நம் மாவட்டத்தில் டெங்கு ஆடியபோது வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றினோம். அதில் முகக்கவசம் போட்டு ஒரு பயனும் இல்லை, கொசு கடிக்காமல் பார்க்க வேண்டும். கர்நாடகத்துக் குரங்குக் காய்ச்சல் காட்டு உண்ணியால் வருவது. அந்த மாதிரி நோய் என்றால் காடுதான் ஆபத்து, குரங்கு செத்துக் கிடக்கும் பக்கமே போகக்கூடாது. 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது வௌவால் கடித்த பழத்தைத் தொடாதே என்றார்கள். கொரோனா மூச்சுக்காற்றில் பரவியது. நீங்கள் சொல்லும் இருமல் காய்ச்சலும் அந்த ஜாதி என்றால், கீழே சொல்வது பொருந்தும்.

மூச்சுக்காற்றில் பரவும் நோய்க்கு மூடிய அறைதான் பிடித்த இடம். ஒருவர் பேசும்போது, இருமும்போது, சும்மா மூச்சு விடும்போதும் வரும் நுண்துளிகள் அறைக்குள் புகை மாதிரி தேங்கி நிற்கும். வெட்டவெளியில் காற்று அதைக் கலைத்துவிடும். பொதிகைச் சரிவில் ஆடி, ஆவணியில் அடிக்கிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தலைத்துண்டு பறக்கும். அந்தக் காற்றில் ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நடப்பவர்களுக்குள் தொற்று ஒட்டும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. முதல் வருடம் இது எங்களுக்கே தெளிவாகத் தெரியாது. ஊன்றுகோலைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறிப் பையை வெயிலில் காய வைத்தோம், பூட்ஸில் சானிடைசர் அடித்தோம். அப்புறம் அதே கையோடு ஏ.சி. காருக்குள் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பாட்டுப் பாடிக்கொண்டு போனோம்.

அதற்கு விலையும் கொடுத்தோம். 2020 கடைசியில், கெடுபிடி தளர்ந்த நேரம், ஆறு பேர் பாபநாசம் பக்கம் கிளம்பினோம். நான்கு பேர் காரில், நானும் இன்னொருவரும் மோட்டார் சைக்கிளில். காரில் வந்த ஒருவருக்கு லேசான ஜலதோஷம், "ஏசிக் காத்து ஒத்துக்கிடல" என்றார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆறு பேரும் சேர்ந்துதான் நடந்தோம். நாங்கள் இரண்டு பேரும் டயர் பஞ்சராகி லேட்டாகப் போனதால் மதியச் சாப்பாட்டில் அவர்களோடு உட்காரவில்லை. அடுத்த வாரம் காரில் வந்த நான்கு பேருக்கும் பாசிட்டிவ். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஆறு பேர் கதையை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் பின்னால் மருத்துவ உலகம் சொன்னதும் இதையேதான்: மூடிய இடம், நெருக்கம், நீண்ட நேரம். இந்த மூன்றும் ஒரு நடைப்பயணத்தில் சேருகிற இடம் வண்டியும் சாப்பாட்டு வட்டமும்தான்.

அதனால் வண்டியைப் பற்றி முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே வீட்டுக்காரர்கள் என்றால் ஒரே காரில் போகலாம், எப்படியும் ஒரே கூரையின் கீழ்தான் மூச்சு விடுகிறீர்கள். வேறு வேறு வீட்டுப் பையன்கள் என்றால் மோட்டார் சைக்கிள் நல்லது. வேன்தான் என்றால் ஏ.சி.யை அணைத்து எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள், பாட்டும் வேண்டாம். சேரன்மகாதேவி, களக்காடு வழியாகப் போகிற வழியில் வெயில் முகத்தில் அடிக்கும். அடிக்கட்டும். திருக்குறுங்குடியில் இறங்கினால் மேலே போக ஜீப் நிற்கும். பத்துப் பேரை அடைத்து முட்டி முட்டி ஏற்றுவார்கள். ஜீப் திறந்த வண்டிதான் என்றாலும் அந்த நெருக்கத்தில் பக்கத்து ஆள் இருமினால் உங்கள் கன்னத்தில்தான். நீங்கள் நடக்கத்தானே போகிறீர்கள், நடங்கள்.

சாப்பாட்டு வட்டம் என்றேன். நம் ஊர்க்காரனுக்குக் கட்டுச்சோறு இல்லாமல் மலை இல்லை. புளியோதரை, தயிர்சாதம், மாவடு, ஒருத்தர் வீட்டு வத்தல் இன்னொருத்தர் இலைக்கு. பாறையில் வட்டமாக உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, முழங்கால் இடிக்க ஒரு மணி நேரம் சிரிப்பும் சத்தமுமாக இருப்போம். காலையிலிருந்து காட்டில் காத்த இடைவெளி எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் போய்விடும். நாங்கள் பின்னால் கண்டுபிடித்த வழி இது: அவரவர் சோற்றை அவரவர் வீட்டிலேயே வாழையிலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டுவது. உட்காரும்போது வட்டமாக இல்லாமல், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஒரே வரிசையில், ஆளுக்கு ஆள் இரண்டு கை தள்ளி, எல்லோரும் ஆற்றைப் பார்த்து. முதலில் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. போகப் போக ஆற்றைப் பார்த்துச் சாப்பிடுவதே நன்றாகத்தான் இருந்தது.

தண்ணீரை நாம் எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர்கள், அது நல்ல வழக்கம். இருந்தாலும் ஆளுக்கு ஒரு பாட்டில் என்று இருக்கட்டும், இரண்டு லிட்டருக்குக் குறையாமல். துணை ஆள் கையில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிப் போகிறவன்தான் முதலில் மயங்கி விழுவான்.

முகக்கவசம் பற்றி. ஏற்றத்தில் நடக்கும்போது, முன்னும் பின்னும் ஆறடிக்குள் ஆள் இல்லை என்றால், கழற்றிக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சைத்தான் அடைக்கும், வேலை செய்யாது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிந்து வேர் தெரியாமல் தடுக்கி விழுவதும் உண்டு, நான் விழுந்திருக்கிறேன். செக்போஸ்ட், டீக்கடை, கோயில் நடை, எதிரே கூட்டம் வரும் இடம், இங்கெல்லாம் போட வேண்டும். காய்ந்த மாஸ்க் இரண்டு காகிதக் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தியதைக் காட்டில் எறியக்கூடாது. குரங்கு எடுத்துப் போகும், அந்த ரப்பர் காதுக் கயிறு அதன் கழுத்தில் மாட்டும். எதிரே ஆள் வந்தால் ஏறி வருகிறவருக்கு வழி விட்டு, மேட்டுப் பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். மரியாதைக்கு இடம் விடுகிறேன் என்று பள்ளத்துப் பக்கம் நகர்ந்து கால் வழுக்கியவர்கள் இருக்கிறார்கள். நோய்க்குப் பயந்து காலை உடைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா.

சானிடைசர் சாராயம் மாதிரி எரியும். அதைத் தேய்த்த ஈரக் கையோடு தீக்குச்சி உரசாதீர்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவதே குற்றம், அது வேறு கதை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத்தீயில் நடைப்பயணம் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது.

இப்போது அதிகம் பேர் யோசிக்காத ஒன்றுக்கு வருகிறேன். நாம் மலைக்குப் போனால் நமக்கு என்ன வரும் என்றே கேட்கிறோம், நாம் என்ன கொண்டுபோகிறோம் என்று கேட்பதில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்புகள் இருக்கின்றன, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று. இஞ்சிக்குழி போன்ற இடத்தில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் 108 வண்டி வாசலுக்கு வராது. தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அணையைக் கடக்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் ரோடு. அந்த மக்களுக்கு நகரத்துக் காய்ச்சல் நடந்து வந்து சேராது. யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. தேன் வாங்கப் போகிறேன், மூலிகை கேட்கப் போகிறேன், போட்டோ எடுக்கப் போகிறேன் என்று தொற்றுக்காலத்தில் அங்கே போய் நிற்பது பாவம். என் பணிக்காலத்தில் மருந்து கொண்டுபோகும்போதுகூட குடியிருப்புக்கு வெளியே மரத்தடியில் நின்றுதான் பேசுவோம்.

விலங்குகளும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலையில் ஒரு புலிக்குக் கொரோனா உறுதியானது, அது மனிதரிடமிருந்து போனது. அந்தச் செய்தி வந்த கையோடு நம் நாட்டுப் புலிகள் காப்பகங்களிலும் ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். 2021 ஜூனில் நம் வண்டலூர் பூங்காவிலேயே சிங்கங்களுக்கு வந்தது, நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. ஆகவே செக்போஸ்ட்டில் வனத்துறை "இன்றைக்கு அனுமதி இல்லை" என்றால் அதில் வெறும் கெடுபிடி மட்டும் இல்லை. குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுவதை எப்போதுமே செய்யக்கூடாது, இந்த நேரத்தில் அறவே கூடாது.

அனுமதி விஷயம் வாரத்துக்கு வாரம் மாறும். 2020ல் நடந்த கூத்து ஞாபகம் வருகிறது. 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆகியிருந்தது. நான்கு மாதத்தில் ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றதும், பிறந்ததிலிருந்து நம் குற்றாலம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் "வெளி மாவட்டம்" ஆகிப்போனது. அந்த வருடச் சாரலை செங்கோட்டைச் சொந்தக்காரர் போனில் சொல்லித்தான் கேட்டேன். 2021ல் சில மாதங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் தரிசனம் இல்லை என்று உத்தரவு இருந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை அடிவாரம் வரை வந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். முந்தின நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அனுமதி இல்லாமல் குறுக்குப் பாதையில் நுழைவதை என்னிடம் கேட்கவே வேண்டாம்.

அந்த அடைபட்ட மாதங்களில் நான் நடந்தது எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில். சொன்னால் சிரிப்பீர்கள், நயினார்குளத்துக் கரையிலும் ரெட்டியார்பட்டி மலையிலும் நடந்ததைப் போல வேறெங்கும் நான் அனுபவித்து நடந்ததில்லை. குறுக்குத்துறையில் ஆற்றோரமாக நடந்தால் கோயில் பாறையில் நீர்க்காகம் சிறகு விரித்துக் காயும். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடம் வரை ஒரு நாள் போனேன். மானூர்ப் பெரியகுளத்துக் கரை எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் கால் சொன்னது. நோய் உச்சத்தில் இருக்கும்போது மலையை விட்டுவிட்டு இந்த மாதிரி இடங்களுக்குப் போவதுதான் சரி. காரணம் நோய் மட்டும் இல்லை. மலையில் நீங்கள் காலை உடைத்துக்கொண்டால் தூக்கிவர எட்டுப் பேர் வேண்டும், வாசலில் ஒரு 108 வேண்டும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் வேண்டும். 2021 மே மாதம் அந்தக் கட்டிலுக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவன் நான். அந்த வரிசையில் சுளுக்கோடு போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை.

கூட்டம் இல்லாத நேரத்தில் போ என்று எல்லோரும் சொல்வார்கள். வாரநாளில் போங்கள் என்றால் சரி. விடியுமுன் போங்கள் என்றால் நம் பக்கத்துக்கு அது சரிவராது. கடையம், பாபநாசம் அடிவாரத்தில் கரடி நடமாட்டம் இருப்பது உங்களுக்கே தெரியும். ஆள் நடமாட்டம் நின்று போன பாதையில் புதர் மண்டும், விலங்கும் பயமில்லாமல் உலவும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்து திறந்த பாதையில் முதல் ஆளாக நுழைய ஆசைப்படாதீர்கள். வெயில் நன்றாக ஏறிய பிறகு நுழைந்து, மூன்று மணிக்குள் அடிவாரம் இறங்கிவிடுங்கள். நடுக்காட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருப்பது கரடிக்கு நல்லது. கொரோனாவுக்கு நல்லதில்லையே என்பீர்கள். இடைவெளி விட்டு நடந்துகொண்டே பேசுங்கள், இரண்டுக்கும் பொருந்தும்.

காய்ச்சல் வந்து போன உங்கள் நண்பரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். இருபத்தைந்து வயதுப் பையன், இரண்டு நாள் காய்ச்சல், ஒரு வாரத்தில் எழுந்துவிட்டான், பிறகென்ன என்று தோன்றும். நுரையீரல் தேறியிருக்கலாம், இதயத் தசையில் வீக்கம் இருந்தால் வெளியே தெரியாது, ஏற்றத்தில்தான் காட்டும். எல்லாத் தொந்தரவும் நின்று குறைந்தது ஒரு வாரம் ஆக வேண்டும். அதற்குப் பிறகும் நேரே மலைக்குப் போகக்கூடாது. முதலில் சமதளத்தில் பதினைந்து நிமிடம் மெதுவாக. இரண்டு நாள் கழித்து அரை மணி. பிறகு வேகம், பிறகு ரெட்டியார்பட்டி மாதிரிச் சின்ன ஏற்றம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் கிடைத்தால் கொரோனா காலத்தில் நாங்கள் வீடு வீடாகச் செய்யச் சொன்ன சோதனையைச் செய்யட்டும்: உட்கார்ந்து ஒரு தடவை அளவு பார்த்து, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நிற்காமல் நடந்து மறுபடி பார்க்க வேண்டும். 94க்குக் கீழே போனாலோ, முதல் அளவிலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, மலை வேண்டாம், டாக்டரிடம் போகட்டும். நெஞ்சில் வலி, படபடப்பு, படி ஏறினால் தலை சுற்றல், இதில் ஒன்று இருந்தாலும் அப்படித்தான். "நான் வந்தே தீருவேன்" என்று நிற்பான். சேக்காளிகள் நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கிளம்புகிற நாள் காலையில் ஐந்து பேரில் யாருக்குத் தொண்டை கரகரத்தாலும் அவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் பேசாவிட்டால் எல்லோரும் அதை ஏசிக் காத்து என்பார்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு சங்கதி. தொற்றுக்காலத்தில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்பு. மலை போய் வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்து, கொரோனா சோதனை நெகட்டிவ் என்றால், "சரி, சாதாரணக் காய்ச்சல்" என்று பாரசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார்கள். நம் அடிவாரப் புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல் (ஸ்கரப் டைபஸ்) ஒன்று இருக்கிறது. பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தொடை இடுக்கிலும் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே சரியாகிவிடும், நாள் கடத்தினால் உயிருக்கே வரும். டாக்டரிடம் போனதும் "மலைக்குப் போயிருந்தேன்" என்று முதல் வரியாகச் சொல்லுங்கள். முழுக்கால் பேன்ட், அதைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது, வெறும் புல்லில் படுக்காமல் இருப்பது, வந்ததும் உடுப்பை வெந்நீரில் போட்டுக் குளிப்பது, இவ்வளவுதான் தடுப்பு. அட்டையைப் பற்றி எல்லோரும் கூச்சல் போடுவார்கள். அது ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும், அதனால் நோய் வராது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், போய் வந்து ஐந்து நாள் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டாம், தனி அறை இல்லாவிட்டால் திண்ணையில் படுங்கள். உங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னால் பயம் பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

ஆக, உங்கள் ஐந்து பேருக்கு என் பதில்: நோய் உச்சத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது, வனத்துறை விடுகிறது என்றால் போங்கள். புரட்டாசிச் சனிக்கிழமையை விட்டுவிடுங்கள், அன்றைக்கு மலைநம்பியில் ஆறடி இடைவெளியை நம்பியே வந்தாலும் கொடுக்க முடியாது. செவ்வாய், புதன் பாருங்கள். மேலே மழை பெய்தால் நம்பியாறு சட்டென்று ஏறும், நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தால் குளிக்க இறங்காமல் திரும்புங்கள். காய்ச்சல் வந்த நண்பர் மலை ஏறும் அளவுக்குத் தேறவில்லை என்றால் அவர் அடிவாரத்தில் அழகிய நம்பியைக் கும்பிட்டுக் காத்திருக்கட்டும், ஊருக்குள்ளேயே நின்ற, இருந்த, கிடந்த கோலத்தில் நம்பிகள் உண்டு. இரண்டு பைக்கில் நான்கு பேர் போய்விடலாம். ஐந்தாவது ஆள் பஸ்ஸில் வரட்டும், ஜன்னலோர சீட்டாகப் பார்த்து, கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டு.